ஆளில்லா அறையில் நிறுவும் கட்டளை

பைத்தான் மொழியில் நிரல் எழுதக் கற்றுக்கொண்ட மாணவி அடுத்ததாகக் கற்பது, பிறர் எழுதி வைத்த நிரல்களைத் தன் நிரலுக்குத் துணையாக வரவழைப்பதாகும். அவ்வாறு வரவழைக்கத்தக்க வகையில் கட்டி வைக்கப்பட்ட நிரல் தொகுதியைப் பேக்கேஜ் என்பர். தமிழில் பொதி என்கிறோம். பொதிமாடு என்ற சொல்லை அறிந்த மலைநாட்டாராகிய நமக்கு இப்பெயர் பொருத்தமாகவே படும். பொதியை வரவழைத்து நம் கணிப்பொறியில் குடியேற்ற ஒரே வரியில் ஒரு கட்டளை போதும். நம் மேசையில் அக்கட்டளை நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். அதே கட்டளையை, எதிரில் எவரும் அமர்ந்திராத ஒரு கணிப்பொறியில் ஓட விட்டால் அதன் போக்கே வேறாகிவிடுகிறது. இந்த வேறுபாடு எதனால் வருகிறது, அதை அறியாமையால் உலகில் என்னென்ன நேர்ந்தன என்பதை இக்கட்டுரையில் காண்போம். கணிப்பொறியோடு பழக்கமில்லாத பெற்றோரும் தொடர்ந்து வாசிக்கலாம். கடைக்கு ஆளனுப்பிச் சாமான் வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான்.

முதலில் ஓர் எடுத்துக்காட்டு. "ஏற்காடு" என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? தமிழாசிரியையைக் கேட்டால் ஏ, ற், கா, டு என நான்கு என்பார். பைத்தானின் "லென்" என்னும் செயற்கூறைக் கேட்டால் ஏழு என்னும். யூனிகோடு முறையில் "ற்" என்பது றகரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகள். "கா" என்பது ககரமும் துணைக்காலும். "டு" என்பதும் அவ்வாறே இரண்டு. மூவிரண்டு ஆறு, ஏகாரம் ஒன்று, ஆக ஏழு. நாகலூருக்கும் இதே கதை: நமக்கு நான்கு, கணிப்பொறிக்கு ஏழு. மஞ்சக்குட்டையோ நமக்கு ஏழெழுத்து, அதற்குப் பன்னிரண்டு.

சேர்வராயன் மலை ஊர்ப்பெயர்களை எழுத்தெண்ணி அடுக்கும் ஒரு நிரலை நம் மாணவி ஒருத்தி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். எழுத்துகளைத் தமிழ் முறைப்படி பிரிக்கும் வேலையை அவள் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. எழில் என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் அவருடன் சேர்ந்தவர்களும் "ஓப்பன் தமிழ்" என்ற பொதியை எழுதி, எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் உரிமத்துடன் வெளியிட்டுள்ளனர். அதில் உள்ள ஒரு செயற்கூறிடம் "ஏற்காடு" என்று கொடுத்தால் நான்கு எழுத்துகளையும் தனித்தனியே பிரித்துக் கையில் தந்துவிடும். "பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ்" என்று தட்டினால், 2003-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பைபிஐ என்னும் பொதுக் களஞ்சியத்திலிருந்து அப்பொதி இறங்கி வந்துவிடும். நிரல் ஓடுகிறது; விடை நான்கு; மாணவிக்கு மகிழ்ச்சி.

இனி ஆளில்லாக் கணிப்பொறிக்கு வருவோம்.

ஒரே நிரலைப் பலர் சேர்ந்து எழுதும்போது, ஒருத்தி செய்த மாற்றம் இன்னொருத்தியின் வேலையைக் கெடுத்துவிடக் கூடும். மாதம் முடிந்து எல்லோருடைய பகுதிகளையும் ஒன்றாகச் சேர்த்தால், எங்கே யாரால் கெட்டது என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆகவே, ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் அன்றன்றே பொதுப் பிரதியில் சேர்த்து, சேர்த்த மறுநிமிடமே முழு நிரலையும் சோதித்துப் பார்ப்பது என்ற வழக்கம் 1990-களின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. இதற்குக் கண்டினியூஸ் இன்டக்ரேஷன், சுருக்கமாக சி.ஐ. என்று பெயர். தொடர் ஒருங்கிணைப்பு எனத் தமிழில் சொல்லலாம். 2001-இல் குரூஸ் கன்ட்ரோல், 2005-இல் ஹட்சன், 2011-இல் அதிலிருந்து பிரிந்த ஜெங்கின்ஸ், அதே ஆண்டில் டிராவிஸ், 2019-இல் கிட்ஹப் நிறுவனத்தின் ஆக்ஷன்ஸ் எனக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வேலை செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால் போதும்.

மாணவி தன் மாற்றத்தை அனுப்பியவுடன், எங்கோ ஒரு தரவு மையத்தில் புத்தம் புதிய கணிப்பொறி ஒன்று எழுப்பப்படுகிறது. பெரும்பாலும் அது லினக்ஸ் கணிப்பொறியாக இருக்கும். அதில் அவளுடைய நிரல் இறக்கப்படும். தேவையான பொதிகள் நிறுவப்படும். "ஏற்காட்டுக்கு நான்கு எழுத்து வருகிறதா" என்பது போன்ற சோதனைகள் ஓடும். சரி என்றால் பச்சைக் குறி, தவறு என்றால் சிவப்புக் குறி. பிறகு அந்தக் கணிப்பொறியே அழிக்கப்பட்டுவிடும். அடுத்த மாற்றத்திற்கு இன்னொரு புதிய கணிப்பொறி.

நம் மேசையில் ஒரு பொதியை ஒருமுறை நிறுவினால் மாதக்கணக்கில் அது அங்கேயே இருக்கும். சி.ஐ. கணிப்பொறிக்கோ நேற்று என்பதே கிடையாது. ஒரு நாளில் இருபது முறை மாற்றம் அனுப்பினால் இருபது முறையும் அடுப்பு மூட்டி உலை வைப்பதிலிருந்து தொடங்க வேண்டும். எனவே நாம் அலட்சியமாக ஒருமுறை தட்டிவிட்டு மறந்துபோகும் நிறுவும் கட்டளை, அங்கே ஒவ்வொரு முறையும் முதல் கட்டளையாக நிற்கிறது. அது சறுக்கினால் பின்னால் வரும் சோதனைகளின் தீர்ப்பு எதுவும் செல்லாது.

முதல் தொல்லை, கேள்வி கேட்பது. டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் மென்பொருள் நிறுவும் ஆப்ட்-கெட் என்னும் கட்டளை, துணைப்பொதிகளையும் சேர்த்து நிறுவ வேண்டி வந்தால், "இத்தனை இடம் பிடிக்கும், தொடரலாமா?" என்று பணிவோடு கேட்கும். நாம் "ஒய்" என்று தட்டுவோம். ஆளில்லாக் கணிப்பொறியில் யார் தட்டுவது? பதில் வராததால் கட்டளை கைவிட்டுவிடும். "எல்லாவற்றுக்கும் ஆம்" என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு குறியைக் கட்டளையோடு சேர்த்தால் இத்தொல்லை தீர்ந்தது என்று எண்ணுவோம்.

தீரவில்லை. உலக நேர வேறுபாடுகளை வைத்திருக்கும் "டி.இசட்.டேட்டா" என்ற பொதி ஒன்று உண்டு. வேறு எதையோ நிறுவப் போனால் இதுவும் துணையாக வந்து சேரும். வந்ததும், "தாங்கள் எந்தக் கண்டத்தில் வசிக்கிறீர்கள்?" என்று கேட்டு, பட்டியல் ஒன்றை நீட்டும். ஆசியா என்றால், எந்த நகரம் என்று அடுத்த பட்டியல் வரும். நாம் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இந்தியா முழுமைக்கும் அதுவே பெயர். ஆளில்லா அறையில் இக்கேள்வி எழுந்தபோது எத்தனையோ நிரலாளர்களின் கணிப்பொறிகள் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நின்றிருக்கின்றன. பிழை என்று சொல்லி நின்றிருந்தாலும் காரணம் தெரிந்திருக்கும். இதுவோ வெறுமனே நிற்கும். இதற்குரிய மருந்து, "இங்கே பேச ஆளில்லை" என்று ஒரு சூழல் மாறி மூலம் முன்பே அறிவித்துவிடுவது. டெபியன் குடும்பத்தில் அந்த மாறிக்கு "நான்-இன்டராக்டிவ்" என்று மதிப்புத் தர வேண்டும். அதன்பின் பொதி கேள்வி கேட்காமல் உலகப் பொது நேரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்.

இதிலும் ஒரு சிறு வேடிக்கை இருக்கிறது. உலகப் பொது நேரம் நம் நேரத்தைவிட ஐந்தரை மணி பின்தங்கியது. ஆகையால் நமக்கு நள்ளிரவு கடந்து காலை 5.30 மணி ஆகும் வரை அந்தக் கணிப்பொறிக்கு இன்னும் முந்தைய நாள்தான். "இன்றைய தேதி" என்று கேட்டுச் சோதிக்கும் நிரல் பகலில் தேறும், நள்ளிரவுக்குப்பின் தோற்கும். விடியும்வரை விழித்துப் படிக்கும் மாணவியருக்கு இது ஒரு புதிராகவே இருக்கும்.

இரண்டாவது தொல்லைதான் பெரியது: தேர்ந்தெடுப்பது.

செவ்வாய்ப்பேட்டைக்குச் சாமான் வாங்க மலையிலிருந்து ஓர் ஆளை அனுப்புகிறோம் என்று கொள்ளுங்கள். பட்டியலில் "துவரம் பருப்பு, 20 கிலோ, நல்லதாக" என்று எழுதியிருக்கிறது. அவர் போன நாளில் எது நல்லது என்று அவருக்குத் தோன்றுகிறதோ அதை வாங்கி வருவார். அடுத்த வாரம் வேறு கடை, வேறு பருப்பு. சமையற்கட்டில் குழம்பின் ருசி மாறினால், சமைத்தவர் கை மாறியதா, பருப்பு மாறியதா என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பொதிகளின் பட்டியலும் இப்படித்தான் எழுதப்படுகிறது. நோடு.ஜே.எஸ். உலகில் புழங்கும் என்.பி.எம். கருவியில், 1.4.0 என்ற எண்ணுக்கு முன்னால் ஒரு கூரைக் குறி இட்டால், "1.4.0 அல்லது அதற்குப்பின் வந்த எதுவாயினும் சரி, 2.0.0-க்குக் கீழே இருந்தால் போதும்" என்பது பொருள். அலைக் குறி இட்டால் வரம்பு இன்னும் குறுகும்: 1.4 வரிசைக்குள் மட்டும். பைத்தான் மாணவி வெறுமனே பெயரை மட்டும் எழுதினால், அன்றைக்குக் கிடைக்கும் மிகப் புதியதைத் தா என்று பொருளாகிவிடும்.

நாம் வரவழைக்கும் ஒவ்வொரு பொதியும் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கும். அந்தப் பட்டியலில் உள்ளவை வேறு பட்டியல்கள் வைத்திருக்கும். நாம் பத்துப் பெயர் எழுதினால் நூற்றுக்கணக்கில் வந்து இறங்குவது வெகு சாதாரணம். அத்தனையிலும் இந்த "நல்லதாக" என்ற சொல் ஒளிந்திருக்கிறது.

இதற்கு மாற்றாக வந்ததே பூட்டுக் கோப்பு. ஒருமுறை நிறுவியபின், எந்தப் பொதி, எந்தப் பதிப்பு எண், எந்த முகவரியிலிருந்து வந்தது, அதன் விரல்ரேகை என்ன என்பதை எல்லாம் கருவி ஒரு கோப்பில் எழுதிவைக்கும். விரல்ரேகை என்றது ஹாஷ் எனப்படும் நீண்ட எண்ணை. பொதியில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும். யார்ன் என்ற கருவி 2016-இல் பூட்டுக் கோப்புடனேயே பிறந்தது. என்.பி.எம். 2017-இல் தன் ஐந்தாம் பதிப்பில் அதைத் தானாகவே எழுதத் தொடங்கியது. "பருப்பு நல்லதாக" என்பது போய், "இன்ன கடை, இன்ன ஆலை, இன்ன தேதியிட்ட மூட்டை, முத்திரை இது" என்று ஆயிற்று.

ஆனால் பூட்டுக் கோப்பு இருந்தும் ஒரு வழு இருந்தது. "என்.பி.எம். இன்ஸ்டால்" என்ற கட்டளை, பட்டியலும் பூட்டும் ஒத்திருந்தால் பூட்டின்படியே நடக்கும். ஒத்திராவிட்டால்? எவளோ ஒருத்தி பட்டியலில் ஓர் எண்ணை மாற்றிவிட்டுப் பூட்டுக் கோப்பை அனுப்ப மறந்துவிட்டாள் என்று கொள்ளுங்கள். அக்கட்டளை குறை சொல்லாது. புதிதாகத் தேர்ந்தெடுத்து, பூட்டுக் கோப்பையும் அதற்கேற்பத் திருத்தி எழுதி, வேலை முடிந்தது என்று சொல்லிவிடும். நம் மேசையில் இது உபகாரம். சி.ஐ. கணிப்பொறியிலோ, திருத்திய பூட்டு அந்தக் கணிப்பொறியோடு அழிந்துபோகும். சோதனைக்கு உட்பட்ட பொதிகள் எவை என்பதற்குச் சாட்சியே இராது. பச்சைக் குறி மட்டும் மிஞ்சும். எதைச் சோதித்துப் பெற்றது அந்தப் பச்சை என்று கேட்டால் விடை இல்லை.

ஆகவே 2018 மார்ச்சில் "என்.பி.எம். சி.ஐ." என்ற தனிக் கட்டளை வந்தது. அதிலுள்ள சி.ஐ. என்ற எழுத்துகளுக்குத் தூய்மையான நிறுவல் என்று விரிவு. தொடர் ஒருங்கிணைப்புக்கும் அதே எழுத்துகள் வாய்த்தது பொருத்தம். இதன் குணங்கள் நான்கைந்து. பூட்டுக் கோப்பு இல்லையெனில் தொடங்கவே தொடங்காது. பட்டியலும் பூட்டும் ஒவ்வாவிட்டால் பிழை கூறி நின்றுவிடும். ஏற்கெனவே நிறுவப்பட்ட பொதிகளின் அடைவு இருந்தால் அதை முழுவதும் அழித்துவிட்டே தொடங்கும். ஒரே ஒரு பொதியை மட்டும் சேர் என்றால் மறுக்கும். முழுத் தொகுதியையே நிறுவும். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டியலையோ பூட்டையோ ஓர் எழுத்துக்கூட மாற்றாது. முந்தைய கட்டளை யோசனை உள்ள ஆள். இது, "சொன்ன மூட்டை இல்லையா, வெறுங்கையோடு திரும்பி வா" என்று கட்டளையிடப்பட்ட ஆள். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாத இடத்திற்கு அனுப்ப இரண்டாமவரே தக்கவர் என்பது என் கருத்து.

இதில் மாணவியர் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. சில கருவிகள், தாம் ஆளில்லா அறையில் இருப்பதைத் தாமே மோப்பம் பிடித்துத் தம் நடத்தையை மாற்றிக்கொள்கின்றன. கிட்ஹப், கிட்லேப், டிராவிஸ் முதலியவை தங்கள் கணிப்பொறிகளில் "சி.ஐ." என்ற பெயருள்ள ஒரு சூழல் மாறிக்கு "ட்ரூ" என்று மதிப்புத் தந்துவைக்கின்றன. பி.என்.பி.எம். என்ற கருவி அதைக் கண்டதும், பூட்டுக் கோப்பு இருக்குமானால் அதைத் திருத்த மறுத்துவிடும். யார்னின் இன்றைய பதிப்புகளும் அவ்வாறே. ஆகவே ஒரே கட்டளை, ஒரே எழுத்துகள், வீட்டில் வெற்றி, அங்கே தோல்வி. "என் கணிப்பொறியில் நன்றாகத்தானே ஓடியது!" என்ற நிரலாளரின் புலம்பலுக்குப் பாதிக் காரணம் இத்தகைய மாறிகளே. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நோடு உலகில் "ப்ரொடக்ஷன்" என்று சூழலுக்கு மதிப்புத் தந்துவிட்டால், சோதனைக்கு மட்டும் தேவையான பொதிகளை என்.பி.எம். நிறுவாமல் விட்டுவிடும். பிறகு சோதனையை ஓட்டினால் சோதிக்கும் கருவியே காணவில்லை என்று வரும். பிழைச்செய்தி வேறெங்கோ விரல் நீட்டும்.

பைத்தான் மாணவிக்கு இவ்வளவு வசதி தொடக்கத்தில் வாய்க்கவில்லை. பிப் கட்டளை தானாகப் பூட்டுக் கோப்பு எழுதுவதில்லை. "பிப் ஃப்ரீஸ்" என்ற கட்டளை, நிறுவியவற்றின் பதிப்பு எண்களை வரிசையாக எழுதித் தரும்; அதைக் கோப்பில் சேமித்து அனுப்பலாம். விரல்ரேகைகளையும் அக்கோப்பில் எழுதி, "விரல்ரேகை இல்லாத எதையும் ஏற்காதே" என்று பிப்பிடம் சொல்லவும் வழியுண்டு. அப்படிச் சொன்னால் ஒரே ஒரு துணைப்பொதிக்கு ரேகை விடுபட்டிருந்தாலும் முழு வேலையும் நின்றுவிடும். கடுமைதான், ஆயினும் வேண்டிய கடுமை. ஊர்ப்பெயர் எண்ணும் சிறு நிரலுக்கு ஓப்பன் தமிழின் பதிப்பு எண்ணை இரட்டைச் சமக்குறியிட்டு எழுதினாலே போதும் என்பேன்.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று தோன்றலாம். நடந்த நிகழ்ச்சிகளைக் கேளுங்கள்.

2016 மார்ச் 22. "லெஃப்ட்-பேட்" என்று ஒரு சிறு பொதி. மொத்தம் 11 வரிகள். ஒரு சொல்லின் இடப்பக்கம் வேண்டிய அளவு வெற்றிடம் சேர்ப்பது மட்டுமே அதன் தொழில். அதை எழுதியவருக்கும் என்.பி.எம். நிறுவனத்துக்கும் வேறொரு பொதியின் பெயர் குறித்து மனத்தாங்கல் ஏற்பட, அவர் தம் பொதிகள் அனைத்தையும் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். உலகெங்கும் சி.ஐ. கணிப்பொறிகள் சிவப்பாயின. பேபல் போன்ற பெருங்கருவிகள் பல அடுக்குகளுக்குக் கீழே அந்த 11 வரிகளை நம்பியிருந்தன. சில மணி நேரத்தில் நிறுவனமே அப்பொதியை மீண்டும் களஞ்சியத்தில் வைத்தது. வெளியிட்டதைத் திரும்பப் பெறும் விதிகளையும் பிறகு மாற்றியது. நினைத்தபோது பொதியைத் திரும்பப் பெற இப்போது முடியாது. இங்கே பூட்டு உதவவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்ன மூட்டை என்று சரியாக எழுதியிருந்தாலும் மூட்டையே சந்தையில் இல்லையே! தம் களஞ்சியத்தில் பிரதி எடுத்து வைத்திருந்தவர்கள் மட்டும் தப்பினர்.

2022 ஜனவரியில் நேர்ந்தது வேறு வகை. திரையில் எழுத்துகளுக்கு வண்ணம் தீட்டும் "கலர்ஸ்" என்ற பொதியை, வாரத்திற்கு 2 கோடிக்கும் மேற்பட்ட முறை உலகம் இறக்கிக்கொண்டிருந்தது. அதன் ஆசிரியரே, முடிவில்லாமல் சுற்றிக்கொண்டு குப்பை எழுத்துகளைக் கொட்டும் ஒரு வளையத்தை உள்ளே வைத்து 1.4.1 என்ற புதிய பதிப்பை வெளியிட்டார். பெருநிறுவனங்கள் தம் உழைப்பை ஊதியமின்றிப் பயன்படுத்துகின்றன என்பது அவருடைய மனக்குறை. 1.4.0-க்கு முன் கூரைக் குறியிட்டு, பூட்டில்லாமல் நிறுவியவர்களுக்கு 1.4.1 தானாக வந்து சேர்ந்தது. அமேசான் நிறுவனத்தின் கருவி ஒன்றும் அகப்பட்டுக்கொண்டது. 1.4.0 என்று பூட்டி வைத்திருந்தவர்களின் கணிப்பொறிகளோ ஏதும் அறியாமல் பச்சையாகவே இருந்தன.

மூன்றாவது வகைதான் அஞ்சத்தக்கது. பொதியைக் கொண்டுவந்து வைப்பதோடு நிறுவும் கட்டளையின் வேலை முடிவதில்லை. பொதிக்குள் "என்னை நிறுவும்போது இதை ஓட்டு" என்று சிறு நிரல் ஒன்று இருக்கலாம். கட்டளை அதையும் ஓட்டும். மூட்டையைப் பிரிக்குமுன்பே அதற்குள் இருந்தவன் எழுந்து வீட்டுக்குள் நடமாடுவது போல! 2021 அக்டோபர் 22 அன்று "யு.ஏ. பார்சர்" என்ற புகழ்பெற்ற பொதியின் ஆசிரியர் கணக்கைத் திருடர்கள் கைப்பற்றி, மூன்று நச்சுப் பதிப்புகளை வெளியிட்டனர். அவை நிறுவப்படும்போதே மறைநாணயம் தோண்டும் நிரலையும், விண்டோஸ் ஆனால் கடவுச்சொல் திருடும் நிரலையும் இறக்கின. சில மணி நேரத்தில் கண்டுபிடித்து நீக்கிவிட்டனர். ஆனால் நாள்தோறும் பலமுறை புதிதாக நிறுவும் கணிப்பொறிகளுக்கு அந்தச் சில மணி நேரமே போதுமானதாயிற்று.

2025 செப்டம்பரில் வந்த "ஷாய்-ஹுலூத்" என்னும் புழு இன்னும் ஒருபடி மேலே சென்றது. சி.ஐ. கணிப்பொறியில் மதிப்புள்ள பொருள் ஒன்று இருப்பதை அதை எழுதியவர்கள் அறிந்திருந்தனர். சோதனை தேறியதும் நிரலைத் தானாக வெளியிடுவதற்கான இரகசியச் சாவிகள் பெரும்பாலும் அங்கேதான் வைக்கப்படுகின்றன. நிறுவும்போது ஓடிய அந்தப் புழு சாவிகளைத் தேடி எடுத்தது. எடுத்த சாவியைக்கொண்டு அச்சாவிக்குரியவரின் மற்றப் பொதிகளைத் திறந்து, அவற்றிலும் தன்னைப் புகுத்தி, புதிய பதிப்பாக வெளியிட்டது. அவற்றை நிறுவியவர்களின் கணிப்பொறியில் மீண்டும் சாவி தேடியது. இவ்வாறு 500-க்கும் மேற்பட்ட பொதிகள் கெட்டன. இதில் எந்தக் கணிப்பொறியின் எதிரிலும் ஓர் ஆள் அமர்ந்து "ஆம்" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேள்வி கேட்காதே என்று நாமே சொல்லி வைத்திருந்தோம் அல்லவா?

"என்.பி.எம். சி.ஐ." இதிலிருந்து முழுமையாகக் காக்குமா? காக்காது. பூட்டிலுள்ள பதிப்பு நல்லதாக இருந்தால் நச்சுப் பதிப்பு உள்ளே வராது, அவ்வளவே. புழு உலவிய நாளில் எவராவது தம் மேசையில் பூட்டைப் புதுப்பித்திருந்தால், நஞ்சே விரல்ரேகையோடு பூட்டப்பட்டிருக்கும். இந்தக் கட்டளையும் நிறுவும்போது ஓடும் சிறு நிரல்களை ஓட்டவே செய்யும். அவற்றை ஓட்டாதே என்று தனியே ஒரு குறி சேர்த்தால்தான் விடும். பி.என்.பி.எம். கருவி 2025-இல் வெளியான பத்தாம் பதிப்பிலிருந்து, நாம் பெயர் சொல்லி அனுமதித்தாலொழிய அவற்றை ஓட்டுவதில்லை. வெளியாகிக் குறிப்பிட்ட காலம் கடந்த பதிப்புகளை மட்டும் ஏற்கும் ஏற்பாடும் அதில் வந்துள்ளது. நிறுவும் கட்டத்தில் சாவிகளைக் கணிப்பொறிக்குக் கொடுக்காமல், வெளியிடும் கட்டத்தில் மட்டும் கொடுப்பது இன்னொரு காப்பு. ஆறிய பாலைக் குடிப்பது போன்ற பொறுமை இது. வேகத்தை விரும்புவோர் முகம் சுளிப்பர்.

வேகம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான பொதிகளை இறக்குவது காலமும் பணமும் விழுங்கும். ஆகவே இறக்கியவற்றைச் சேமிப்பில் வைத்து அடுத்த கணிப்பொறிக்குக் கொடுக்கிறார்கள். சேமிப்புக்குப் பெயராகப் பூட்டுக் கோப்பின் விரல்ரேகையையே இடுவது வழக்கம். பூட்டு மாறினால் பெயரும் மாறிப் பழையது ஒதுங்கிவிடும். இதில் பலர், நிறுவி முடித்த அடைவையே சேமித்துவிட்டு, பிறகு "என்.பி.எம். சி.ஐ." ஓட்டுகிறார்கள். அது முதல் வேலையாக அந்த அடைவை அழித்துவிடும் என்று மேலே கண்டோம். வியர்வை சிந்திச் சுமந்து வந்ததை வாசலிலேயே கொட்டுவதற்குச் சமம். சேமிக்க வேண்டியது இறக்கிய மூட்டைகளை. பிரித்து அடுக்கிய அலமாரியை அல்ல.

ஆளில்லா அறையில் கட்டளையின் பேச்சை யார் கேட்கிறார்கள் என்ற கேள்வி எஞ்சுகிறது. சி.ஐ. கருவி, திரையில் ஓடும் எழுத்துகளை வாசிப்பதில்லை. ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும்: பூச்சியம் என்றால் நலம், வேறெந்த எண்ணாயினும் பிழை. கருவி அந்த எண்ணை மட்டுமே பார்க்கிறது. கட்டளை பக்கம் பக்கமாக எச்சரித்துவிட்டுப் பூச்சியத்தோடு முடிந்தால், பச்சைதான். அவசரக்காரர் சிலர், கட்டளை தோற்றாலும் பூச்சியமே வருமாறு வரியின் இறுதியில் ஓர் ஒட்டு வைத்துவிடுவர். காய்ச்சல்மானியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்பதுபோல் அது. ஆகவே மாதம் ஒருமுறையேனும் பச்சைக் குறியைத் திறந்து, உள்ளே பதிவாகியிருப்பதை ஒரு மனித ஜீவன் வாசிப்பது நல்லது.

ஆய்வகத்தில் செய்து பார்க்க ஒரு பயிற்சி தருகிறேன். சிறிய நோடு நிரல் ஒன்றை எடுத்து, "கலர்ஸ்" 1.4.0-ஐக் கூரைக் குறி இல்லாமல் பட்டியலில் எழுதி நிறுவுங்கள். பூட்டுக் கோப்பைத் திறந்து, அப்பொதியின் பெயருக்குக் கீழே பதிப்பு எண்ணும் விரல்ரேகையும் இருப்பதைக் காணுங்கள். பிறகு பட்டியலில் மட்டும் 1.4.0 என்பதை 1.3.0 என்று கையால் திருத்துங்கள், பூட்டைத் தொடாதீர்கள். இப்போது "என்.பி.எம். சி.ஐ." என்று தட்டினால், இரண்டு கோப்புகளும் ஒத்துப்போகவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லி நின்றுவிடும். எந்தப் பொதி, பூட்டில் என்ன எண், பட்டியலில் என்ன எண் என்பதையும் அதில் காணலாம். அதை உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து "என்.பி.எம். இன்ஸ்டால்" தட்டுங்கள். எந்தப் புகாரும் இன்றி முடியும். பூட்டுக் கோப்பை மறுபடி திறந்து, முன்பு கண்ட எண்ணையும் விரல்ரேகையையும் தேடிப் பாருங்கள்.